அப்பளம் ஒட்டிய ரேஸ் பைக்

எனக்குச் சொந்தமாக ஒரு ரேஸ் டீம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிடும். கொல்கத்தா காளிகாட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். இட்லி அரிசி, உளுந்து, பெருங்காயம், நல்லெண்ணெய் விற்கிற ஆள். டீம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பைக், சாந்த்ராகாச்சியில் கராஜ் வைத்திருக்கும் வங்காளி மெக்கானிக் ஒருவர், பைக்கை ஓட்டும் ஒரு பெண், அப்புறம் நான். இதில் என் வேலை என்ன என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் வளைவு கிடையாது, சுற்றும் கிடையாது. நேர்க்கோட்டில் நானூற்றிரண்டு மீட்டர், அவ்வளவுதான். இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் பாயும், பன்னிரண்டு பதின்மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக வருஷம் முழுக்க டயர், கிளட்ச், பெட்ரோல், நுழைவுக் கட்டணம் என்று பணத்தைக் கொட்ட வேண்டும். என் மனைவி ஒரே ஒரு தடவை என்னோடு வந்து பார்த்தாள். "ஒரு அப்பளம் பொரியுத நேரம். இதுக்கா இந்தப் பாடு?" என்றாள். அதோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அவள் அப்பளத்தை இழுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஸ்பான்சர் அப்பள மொத்த வியாபாரி. எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான், கொல்கத்தாவில் பாதி தமிழ்க் கடைகளுக்கு அவர் சரக்குதான் போகிறது. பைக்கின் பெட்ரோல் டேங்கில் இரண்டு பக்கமும் பெரிய அப்பளப் படம் ஒட்ட வேண்டும் என்பது பேச்சு. பதிலுக்கு அவர் ரொக்கம் தரமாட்டார், அப்பளம் தருவார். பெட்டி பெட்டியாக. அதை என் கடையில் விற்று, வருகிற பணத்தை அப்படியே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவேன். அவர் எனக்கு ஸ்பான்சரா, நான் அவருக்கு விற்பனை ஏஜெண்டா என்று சில நாள் கல்லாவில் உட்கார்ந்து யோசிப்பேன். ஒரு முடிவுக்கும் வரமுடியாது.

பைக் ஓட்டும் பெண்ணின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் கடை வாடிக்கையாளர். ஒருநாள் அவரோடு சாமான் வாங்க வந்தவள், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பைக் படத்தைப் பார்த்துவிட்டு, பருப்பை மறந்து அரை மணி நேரம் பேசினாள். டாக்குரியாவில் வங்கி வேலை. நாற்பத்தெட்டுக் கிலோ எடை. டிராக் ரேஸில் ஒவ்வொரு கிலோவும் முக்கியம், ஆனால் அதற்காக மட்டும் அவளை நான் எடுக்கவில்லை. முதல் நாள் கிளட்ச்சை அவள் விட்ட விதத்தைப் பார்த்ததும் மெக்கானிக் என் கையைப் பிடித்து அழுத்தினார். மூன்று வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். அவள் கோட்டில் வந்து நின்றால் எனக்குக் கடை ஞாபகமே போய்விடும், அந்தப் பன்னிரண்டு விநாடிக்காகத்தான் நான் இந்த டீமை வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பளக்காரர் கடைக்கு வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் கனமான ஒரு கவர். தாம்பூலத் தட்டை நீட்டினால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும். என்ன ஏது என்று கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்குத் தலைத் தீபாவளி அண்ணாச்சி. மோதிரம் வேண்டாம், வாட்ச் வேண்டாங்காரு. ரேஸ் பைக் ஓட்டணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசையாம். இந்த சீசன் நம்ம பைக்கை அவரே ஓட்டட்டும். இனிமே அப்பளம் கிடையாது, ரொக்கமாவே தாரேன். இது முன்பணம்."

மாப்பிள்ளையை நான் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். எண்பது கிலோவுக்குக் குறையாது. ஆனால் தட்டு என் கையில் இருந்தது. தாம்பூலம் மாற்றிவிட்டால் கல்யாணமே முடிந்த மாதிரிதான், வாக்குக் கொடுத்தாயிற்று. அசடு வழிய, "அதுக்கென்ன, பாத்துக்கிடலாம்" என்றேன். அவர் சந்தோஷமாக டீ குடித்துவிட்டுப் போனார். நான் அந்த வாழைப்பழத்தைப் பார்த்தபடி நின்றேன்.

மறுநாள் மதியம் பைக் ஓட்டும் பெண்ணை டாக்குரியாவில் அவள் வங்கிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் சந்தித்தேன். மண் குவளை சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"தட்டைத் திருப்பிக் குடுத்துடுங்களேன், அங்கிள்."

"அது முடியாதும்மா. தாம்பூலம்."

"வெறும் வெத்தலைதானே? அதில என்ன இருக்கு?"

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அதை எப்படி விளக்குவது? வெற்றிலையில் ஒன்றும் இல்லைதான். ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு அவளே, "டீக் ஆச்சே" என்றாள். மனசு சரியில்லாவிட்டால் அவளுக்குத் தமிழ் நின்று வங்காளம் வந்துவிடும். சரி என்று சொல்லிவிட்டு, டீயை முடிக்காமல் வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டுத் தேறியிருப்பேன்.

அதே வேகத்தில் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். மெக்கானிக் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை சுத்தமான பிறகும் துடைத்தார். பிறகு வங்காளத்தில் மெதுவாகக் கேட்டார், "அப்போ அந்தப் பெண்ணின் சாமான்களைக் கழற்றி வைக்கட்டுமா, அண்ணா?"

"என்ன சாமான்?"

அவர் பைக்கைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பின் டயர், கிளட்ச், செயின், சைலன்சர். போன இரண்டு ரேஸுக்கும் நுழைவுக் கட்டணம். எல்லாம் அவள் சம்பளத்தில் வந்தவை. என் அப்பளப் பணம் பெட்ரோலுக்கும் பைக்கை ஏற்றிப்போகிற வண்டி வாடகைக்கும்தான் காணுமாம். கடையில் நூறு கிராம் கசகசாவுக்குக் கணக்குப் பார்க்கிற நான், இந்த மனுஷரிடம் மூன்று வருஷத்தில் ஒரு தடவை கூடக் கணக்குக் கேட்டதில்லை. பைக் விஷயத்தில் கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்று ஒரு பெரிய மனுஷத்தனம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா நீங்க டீமை மூடிடுவீங்களாம்."

"அப்போ இதுல என்னோடது எது?"

அவர் பைக்கை ஒரு முறை பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "டேங்க்" என்றார்.

அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பஸ் ஏறிய பிறகும் அது ஆறவில்லை.

தட்டை அப்பளக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். வெற்றிலை வாடியிருந்தது, அதனால் புதிதாக வாங்கி வைத்துக் கொடுத்தேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. "இது என்ன முறை அண்ணாச்சி? எந்த வீட்ல இப்படிச் செய்வாங்க?" என்று கேட்டார். கடைக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். இப்போது வேறு அப்பளம் விற்கிறேன், பொரித்தால் சிவந்துபோகிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.

அவளை மறுபடி பார்த்தபோது ரொம்ப நியாயமான ஒரு காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "பைக்கை உன் பேருக்கே மாத்திடுதேன். நீதான் இனிமே ஓனர். நான் ஒதுங்கிக்கிடுதேன்" என்றேன். நன்றி சொல்வாள், ஒருவேளை அழக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"யார் கேட்டா அங்கிள் உங்களை? நான் ஓனர்னு ஆயிட்டா வீட்ல யார் பேரைச் சொல்லிட்டு வெளிய வருவேன்? ஒரு தமிழ் அங்கிளோட டீம், எல்லாச் செலவும் அவரோடதுன்னு சொல்லித்தான் விடறாங்க. நீங்க எதுவும் பண்ண வேண்டாம். ஓனரா இருங்க, போதும்."

எனக்குத் தலைசுற்றியது. நான் விட்டுக்கொடுத்தால் அவள் ஓட்ட முடியாது. விட்டுக்கொடுக்காவிட்டால் அவள் காசில் நான் ஓனர். சரி என்று தலையாட்டினேன். இந்தக் குளிர்காலத்தில் அவள்தான் ஓட்டினாள், இரண்டாவது இடம். இப்போது மாதாமாதம் நானும் ஒரு தொகை வைக்கிறேன், ஆனாலும் அவள் போடுவதில் பாதி கூட வராது.

ரேஸ் முடிந்த வாரம் அவள் அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாம்பார், அப்பளம், பாயசம். சாப்பிட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு சார். எல்லாச் செலவும் நீங்க பாத்துக்கறதாலதான், அவ சம்பளத்துல ஒரு பைசா தொடாம கல்யாணத்துக்குச் சேத்து வெக்கறா."

அவள் சமையலறை வாசலில் பாயசக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் சார்" என்றேன்.