எடையைத் தின்ற எலி

சுரக்குடிப் பக்கம் ஒரு நெல் மில்லில் எனக்குக் கணக்கு வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் பட்டமும் வாங்கியிருந்தேன். அதனால்தான் லாரியை ஏற்றி நிறுக்கும் எடைமேடை அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை முதலாளி என் தலையில் கட்டினார்.

மேடையிலிருந்து லாரியின் எடையை வாங்கித் தரும் எலக்ட்ரானிக் அட்டை அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் பொருந்தும். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் அதை ஓட்ட வேண்டும். தட்டத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

"ஒரு பட்டன அமுக்குனா எடை தெரியணும், இன்னொன்ன அமுக்குனா பில்லு வரணும், அவ்ளோதாம்மா" என்றார் முதலாளி. " குறுவை நெல்லு வர்றதுக்குள்ள செஞ்சிட்டன்னா உன் வேலை நிரந்தரம். இல்லன்னா புது மெஷின் வாங்கிடுவேன். அதோட அந்தக் கம்பெனி ஆளும் வந்துருவாரு. அப்பறம் நீ இங்க எதுக்கு?"

"செஞ்சிடலாங்க" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கல்லூரியில் பரீட்சைக்கு நாங்கள் எழுதிய புரோகிராம்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிந்துவிடும். விண்டோவும் பட்டனும் உள்ள புரோகிராம் அப்படியில்லை. அது சும்மா காத்துக் கிடக்கும். யாராவது பட்டனை அமுக்கினால் எழுந்து அந்த வேலையை மட்டும் செய்துவிட்டு, மறுபடி காத்துக் கிடக்கும். இது எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. பகலெல்லாம் கணக்கு, சாயங்காலம் இது. வீட்டுக்குப் போனால், நடவு முடித்து வந்த அம்மா, "ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துட்டு வர்றவளுக்கு அப்படி என்னடி அசதி?" என்பாள். தட்டை எடுத்து வைக்கும்போதே எனக்குக் கண் சொக்கும்.

குறுவை நெல்லோடு முதல் லாரி வந்தது. பட்டனை அமுக்கினேன். திரையில் பச்சை எழுத்தில் எடை பெரிதாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, பிரிண்டரில் தாள் இல்லை என்று ஒரு பெட்டி அதன்மேல் வந்து நின்றது. பெட்டியை மூடினேன். அது இருந்த இடத்தில் எண்களைக் காணோம்.

எட்டிப் பார்த்த டிரைவர் சிரித்துவிட்டார். "என்ன தங்கச்சி, எலி நெல்லத் திங்கும்னு தெரியும். எடையயுமா திங்கும்?"

மூட்டை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளைக்கும் இப்படின்னா நான் புது மெஷினுக்குப் போன் போட்டுருவேம்மா" என்றார்.

அன்று சாயங்காலம், எண்களை ஓயாமல் திரும்பத் திரும்ப வரையச் சொல்லி எழுதிப் பார்த்தேன். பழைய மெஷின் திணறியது. எண்கள் துடித்தன, மவுஸ் அம்பு நகரவேயில்லை. அதை அழித்துவிட்டு உதவிப் பக்கங்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். திரையில் எந்தப் பகுதி அழிந்தாலும், "திரும்ப வரை" என்று கம்ப்யூட்டரே புரோகிராமைக் கூப்பிடுமாம். நான் பட்டனை அமுக்கியபோது மட்டும் வரைந்திருந்தேன். கூப்பிட்டபோது பதில் சொல்ல எதையும் எழுதி வைக்கவில்லை. எடையைத் தனியாகச் சேமித்து வைத்து, வரையும் வரிகளை அந்தக் கூப்பிடலுக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு மாற்றினேன். அவ்வளவுதான்.

மறுநாள் அதே லாரி வந்தது. எடை வந்ததும் நானே ஒரு பெட்டியைத் திறந்து, எண்களை மறைத்து, மூடினேன். ஓர் எண்ணும் போகவில்லை.

"எலியப் புடிச்சிட்ட போலருக்கே!" என்றார் டிரைவர்.

"சரிம்மா, உன் வேலை நிரந்தரம்" என்றார் முதலாளி. "இந்த மெஷின் ஓடுற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்."

"மெஷின் நின்னு போச்சுன்னா என்னங்க பண்றது?"

"நிக்க விடாமப் பாத்துக்கறதுதான உன் வேலை?"

இது நானே செய்தது, இங்கே வேறு யாருக்கும் தெரியாதது என்ற பெருமை இருக்கத்தான் செய்தது. நாற்காலியை விட்டு எழத்தான் தெம்பில்லை. வெளியே அடுத்த லாரி ஹாரன் அடித்தது. பட்டனை அமுக்கினேன்.