பூட்டிய வீட்டின் அளவு

அந்த வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. கேட்டுக்கு உள்ளே கட்டிப் போட்டிருந்த வெள்ளை நாய் என்னைப் பார்த்து எழுந்து நின்றது. தெரிந்தவள்தான் என்று மறுபடி படுத்துக்கொண்டது. மாதத்தின் கடைசி நாள் அது, வெயில் இறங்கிவிட்டது. என் பட்டியலில் அந்த ஒரு வீடுதான் மிச்சம்.

ராஜபாளையத்தில் எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது என் வேலை. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதற்கு முன்பு பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் பல வருடம் இருந்தேன். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரிடமும் பேச வேண்டியதில்லை. கம்பெனியில் ஆள் குறைத்தபோது தெரிந்த நர்ஸ் ஒருவர் என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டார். ஒரு பை, ஒரு பிரஷர் மெஷின், போனில் ஒரு ஆப். கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தி, வருகிற எண்ணைப் போனில் போட வேண்டும். போட்ட உடனே அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டருக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் போனுக்கும் ஒரு மெசேஜ் போகும்.

முன்பெல்லாம் இந்த எண்களை நோட்டில் எழுதுவார்களாம். நோட்டு பீரோவுக்குப் போய்விடும். மெசேஜ் வர ஆரம்பித்த பிறகுதான் ஜனங்களுக்கு இதில் ஒரு பிடிப்பு வந்தது. சோழபுரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்த தையல்காரப் பெண் ஒருத்தி, இருநூறு என்று வந்த மெசேஜைத் தூக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரிசையைத் தாண்டி நேராக டாக்டர் மேஜைக்கே போய்விட்டாள். "எம்புட்டுன்னு இதுலயே போட்டிருக்கு, என்னைய மொதல்ல பாருங்க" என்றாளாம். அவள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அது என் கையால் போட்ட எண் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பூட்டியிருந்த வீட்டுக்காரர் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிடுவார்.

"ஏம்மா, மில்லுல ஒரு இழை அறுந்தாக்கூட மெஷினுக்குத் தெரிஞ்சிரும். உன் மெஷினு தப்பாச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

"அது தப்பாச் சொல்லாது அண்ணாச்சி" என்பேன்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். "இவளப் பேச வைக்கத்தான் அவிய மாசா மாசம் பிரஷரு பாக்காவ" என்று மதினி உள்ளேயிருந்து அண்ணாச்சியைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆப்பில் 'வீடு பூட்டியிருந்தது' என்று ஒரு வரி உண்டு. அதைத் தொட்டால் போதும், ஆனால் பெயர் சிவப்பாகவே நிற்கும். மாதக் கூட்டத்தில் சிவப்பு விழுந்தவர்களை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார்கள். ஒரு தடவை இரண்டு சிவப்புக்காக நான் எழுந்து நின்றேன். இருபது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. "என்னம்மா, வாயில கொழுக்கட்டையா?" என்று ஒரு மேடம் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது இனி ஒரு தடவை அப்படி நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு போனைத் திறந்தேன். அண்ணாச்சியின் போன மாத அளவு 138, 86. அதையே போட்டால் பார்த்தவுடன் சந்தேகம் வரும். 136, 84 என்று போட்டேன். பெயர் பச்சையானது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணாச்சி குளியலறையில் விழுந்தார். இங்கே பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் உடலாகத் திரும்பி வந்தார். நான் பெண்கள் கூட்டத்தில் கடைசியில் நின்றேன். விதி வந்துவிட்டது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

அடுத்த மாதப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 'பார்க்க வேண்டியவர்' என்று போட்டிருந்தது. பெயரைத் தொட்டு உள்ளே போய் 'இறந்துவிட்டார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், பட்டியலை விட்டுப் போய்விடுவார். ஆனால் உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது கடைசி அளவு. 136, 84. அதற்குக் கீழே என் பெயர். விரலைக் கொண்டுபோவேன், எடுத்துவிடுவேன். அப்படியே இரண்டு மாதம் செத்தவரைப் பட்டியலில் உயிரோடு வைத்திருந்தேன். அந்தச் சிவப்புக்குக் காரணம் கேட்பார்களே என்று, உடம்பு சரியில்லையென்று சொல்லி இரண்டு கூட்டத்துக்கும் போகவில்லை.

வேறு யார் கையிலாவது பட்டையைக் கட்டி எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 136-இல் வந்து நின்றால் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். "என்னாச்சு, கூடிருச்சா?" என்று அவர்கள் பயப்படுவார்கள். பட்டையைப் பிரிக்கும்போது பர்ரென்று ஒரு சத்தம் வருமே, அது சமையல் செய்யும்போதும் கேட்டது. ஒரு மத்தியானம் அந்த வீட்டைக் கடக்கையில் "ஏம்மா" என்று தெளிவாக ஒரு குரல். திரும்பினேன். கொடியில் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதம் மதினியே கேட்டைத் திறந்து கூப்பிட்டார்.

"உள்ள வாட்டி. செத்த நேரம் உக்காரு."

உட்கார்ந்தேன். அண்ணாச்சி உட்காரும் நாற்காலியில் ஒரு தலையணை வைத்திருந்தது. மதினி அவருடைய போனை என் கையில் கொடுத்தார்.

"மக வந்திருந்தா. அவ அப்பா போனப் பாத்துட்டு ஒண்ணு சொன்னா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி, கேப்போம்."

நான் போட்ட எண்தான். படித்தேன்.

"தேதியையும் படி."

படித்தேன்.

"அன்னிக்கு எங்க மக வளைகாப்பு. ரெண்டு நாளா நாங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல கெடந்தோம். போன அவிய இங்கனயே விட்டுட்டு வந்துட்டாவ. வாசல்ல பூட்டு. நீ யாரு கையில பட்டையக் கட்டுன? நாயி கையிலயா?"

ஆப்பில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம், தேதி மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மதினி நம்பியும் இருப்பார். அந்தப் பொய் வாய்வரை வந்தது.

"பூட்டுத்தான் தொங்குச்சு மதினி. நானாப் போட்டேன்."

அவர் அழுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் புடவைத் தலைப்பால் அந்தப் போனின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊருலருந்து வந்ததும் அவிய கெறக்கமா இருக்குன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் எம்புட்டு மல்லுக்கட்டுனேன் தெரியுமா? இந்தப் போன எடுத்து எம் மூஞ்சிக்கு நேரா காட்டுனாவ. பாரு, நூத்தி முப்பத்தாறு, கவர்மெண்டே சொல்லிருச்சு, நீ என்ன டாக்டரான்னு கேட்டாவ. போன தடவ நீ பாத்ததுதான் பிந்தி வந்திருக்குன்னு நெனச்சிட்டாவ போல. நானும் சரின்னு விட்டுட்டேன்." போனை மடியில் வைத்தார். "நான் கூப்பிட்டது பத்தலையோன்னு தெனமும் என்னைய நானே தின்னுக்கிட்டுக் கெடக்கேன்."

அதுவரை என் பயமெல்லாம் என்னைப் பற்றித்தான் இருந்தது. ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நான் ஒளிந்திருந்த இந்த மாதங்களில், மதினி தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? உங்க மீட்டிங்குல எந்திரிச்சுச் சொல்லு. நீ சொல்லலைன்னா மகளக் கூட்டிட்டு நான் வருவேன்."

அந்த மாதக் கூட்டத்தில் யாரும் கூப்பிடாமலே எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டர், "இப்படி எத்தனை வீடு?" என்று கேட்டார். "ஒண்ணு" என்றேன். அது உண்மை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, இதுவரை நான் போட்ட எல்லா எண்ணும் அந்த ஒன்றோடு சேர்ந்து செல்லாமல் போனது தெரிந்தது. என் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் திரும்பப் பார்க்கச் சொன்னார். இன்னொரு நர்ஸ் கூடவே வந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அண்ணாச்சியின் பெயரை அன்றைக்கு நர்ஸ்தான் எடுத்துவிட்டார். அந்த எண்ணை அழிக்க முடியாதாம். 'அளவு எடுக்கப்படவில்லை' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க முடிந்தது. என்னை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. சிவப்பு விழுந்தவர்களை எழுப்பி நிறுத்தும் வழக்கம் அடுத்த மாதத்திலிருந்து நின்றது. அந்த மாதம் எங்கள் எல்லோருடைய பட்டியலிலும் பூட்டிய வீடுகள் திடீரென்று கூடிவிட்டன.

மதினி சும்மா இருக்கவில்லை. படிக்கத் தெரியாதவர், தெருவில் வீடு வீடாகப் போய், "மெசேஜ் வந்தா தேதியப் பாருங்க. அன்னிக்கு அவ நெசமாவே வந்தாளான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது நான் பட்டையைக் கட்டினால் எல்லோரும் மெஷினை எட்டிப் பார்க்கிறார்கள். நான் போனில் போடுவதையும் பார்க்கிறார்கள். தையல்காரப் பெண் காலண்டரில் தேதிக் கட்டத்துக்குள்ளேயே எண்ணை எழுதி வைக்கிறாள். போன மாதம் ஒருத்தர் மெசேஜ் வரவில்லை என்று சுகாதார நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டார். எனக்கு முகம் சுருங்கத்தான் செய்கிறது. ஆனாலும் அப்படியே இருக்கட்டும்.

மதினி மட்டும் இதுவரை கையை நீட்டவில்லை. அவருக்குக் கால் லேசாக வீங்கியிருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறேன்.

"ஒரு தடவ பாத்துக்கிடுவோம் மதினி. நான் வேண்டாம்னா, வேற ஆள வரச் சொல்லுதேன்."

"எனக்கு எதுவும் வேண்டாம். நீ என்ன போடப்போற, அதக் காட்டு."

'மறுத்துவிட்டார்' என்று போட்டு, போனைக் கேட்டுக் கம்பிக்கு மேலே தூக்கிக் காட்டுகிறேன். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. சிவப்பு தெரியும்.

"சரி, அடுத்த வீட்டுக்குப் போ. அங்கனயாவது ஒழுங்காப் பாரு."

போகிறேன். அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தில் அந்த வீட்டு அம்மாவை ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டையைக் கட்டுகிறேன். எண் ஏறி, மெதுவாக இறங்க ஆரம்பிக்கிறது. அது நிற்கும்வரை நான் தலையைத் திருப்புவதில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மதினி நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.