அப்பாவுக்குக் கிடைத்த ஒரே வசனம்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். பாப்பாரப்பட்டி பக்கம் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு வாசலில் அன்று அப்பா இருந்தார், நான் இருந்தேன், எங்கள் தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். அம்மா மட்டும் இல்லை. கடலை பறிக்கிற நேரத்தில் வேஷம் கட்டப் போகிறீர்களா என்று திட்டிவிட்டுத் தனியாகக் காட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் காடு எங்களுடையது அல்ல. பெரிய வீட்டுக்காரருடையது. வாரத்துக்கு விட்டிருந்தார். உழவும் பாடும் எங்களுடையது, விளைச்சலில் பாதி அவருக்கு. தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். எழுதி வாங்கிக்கொண்டது எதுவும் கிடையாது. அந்தப் பாதியில்தான் நான் தர்மபுரியில் காலேஜ் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

ஒரு தெலுங்குப் படத்துக்காக அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஜமீன்தார் கொடுமையை எதிர்த்துக் குடியானவர்கள் திரண்டு எழுகிற கதை. கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் கிழிந்த துணி கொடுத்து, முகத்தில் கரி பூசினார்கள். மேக்கப் போடுகிறவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவருக்கு வேண்டாம் என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

வீட்டின் முன்னால் நின்று எல்லோரும் சேர்ந்து ஒரு வரி கத்த வேண்டும். "ஈ நேல மாதி." இந்த நிலம் எங்களுடையது என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் பலருக்குத் தெலுங்கு தெரியாது. பக்கத்தில் நின்றவர், "மாதியா, பாதியா? பாதி நெலம்னு கேக்கறாங்களா?" என்று கேட்டார். "பாதி நமக்கு ஏற்கனவே இருக்குதே" என்று இன்னொருவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. மற்றவர்களுக்கு அந்த வரி வெறும் சத்தம். அப்பாவுக்கும் எனக்கும்தான் அது என்னவென்று தெரியும். அதனால்தானோ என்னவோ, அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. உதவி இயக்குநர் அதைக் கவனித்துவிட்டார். வந்து விசாரித்தார். தெலுங்கு பேசுகிறவர் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அப்பாவை முன்வரிசைக்கு இழுத்து, இந்த வரியை நீங்கள் ஒருவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வேற யாராச்சும் சொல்லட்டும்டா. ஐயா உக்காந்துகிட்டு இருக்காரு."

கேமராவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ குடித்தபடி பெரிய வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெலுங்கு நன்றாகத் தெரியும். நான், "படந்தானப்பா" என்றேன்.

முதலில் குரலே எழும்பவில்லை. ஜமீன்தாராக நடித்தவரைப் பார்க்க வேண்டியவர், நாற்காலிப் பக்கமே பார்த்தார். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வெயில் ஏறியது. நடிகர் நல்ல மனிதர். இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிலத்தை நான் பிடுங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார்.

அடுத்த தடவை அப்பா கத்தினார்.

மாட்டை அதட்டுகிற குரலைத் தவிர அவரிடம் பெரிய குரல் எதையும் நான் கேட்டதில்லை. இது வேறு. வசனத்தோடு நிறுத்தவும் இல்லை. எங்கப்பன் உழுதான், நான் உழுதேன், இந்த மண்ணில் கல் பொறுக்கியே என் நகம் தேய்ந்தது என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கட் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு படக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெரிய வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அப்பா நேராக அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "படத்துக்குச் சொன்னதுங்க" என்றார்.

"தெரியும்டா. நல்லாத்தான் சொன்ன" என்று அவரும் சிரித்தார்.

அடுத்த ஆனி மாதம் உழவுக்குக் கேட்கப் போனபோது, இந்த வருஷம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் வேறு ஆள் மூலமாக எங்கள் காதுக்கு வந்தது. "பரம்பரையா உழுதேன்னு கேமரா முன்னால சொல்லிட்டான். நாளைக்குக் கோர்ட்டுல சொல்ல எவ்ளோ நேரமாவும்?" என்றாராம்.

அம்மா அழுது தீர்த்தார். போய்க் காலில் விழுங்கள், வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

"போனா, படத்துக்குத்தான் சொன்னேன்னு இன்னொரு தரம் சொல்லணும். ஒரு தரம் பொய் சொன்னது போதும்" என்றார் அப்பா.

அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா மாட்டை விற்றார். பெங்களூரில் ஒரு கட்டட வேலை நடக்கிற இடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பண்டிகைக்கு வருவார். வந்தாலும் அந்தக் காட்டுப் பக்கம் போக மாட்டார்.

படம் தமிழில் டப் ஆகித் தர்மபுரிக்கு வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா முகம் திரை முழுக்க வந்தது, கண் இமைக்கிற நேரம்தான். அவர் கூடச் சேர்த்துச் சொன்னது எதுவும் இல்லை. அந்த ஒரு வரியையும் யாரோ ஒரு இளைஞர் கணீரென்று தமிழில் பேசியிருந்தார். தியேட்டரே விசிலடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது அவரு கொரலு இல்லியே" என்றார்.

நான் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். அநியாயத்தைத் தட்டிக் கேட்கிற படங்களுக்கு இன்றைக்கும் போகிறேன். ஆனால் விசிலடிக்கிற இடம் வரும்போது என் கை மடியிலேயே கிடக்கும். கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு வரிக்கு எங்களுக்கு ஆனது ஒரு ஏக்கர் சொச்சம் காடு, ஒரு ஜோடி மாடு, அப்பா எங்களோடு இருந்திருக்க வேண்டிய இத்தனை நாட்கள். இதில் மாட்டை மட்டும்தான் என்றைக்காவது என் சம்பளத்தில் திரும்ப வாங்க முடியும்.