அவிச்ச கச்சான்

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் காரில் சுற்றிவிட்டு வந்த மகள், அங்கே தெருவோரத்தில் புதுச் சாப்பாடு ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, எங்கள் சென்ட் லோரன்ட் வீட்டுக் குசினியில் ஒரு டின்னைத் திறந்தாள். உப்புத் தண்ணீரும் ஈரமண்ணும் கலந்த வாசம் வந்தது. உள்ளே கோதோடு அவித்த நிலக்கடலை; எங்கள் அவிச்ச கச்சான்.

“அம்மா, உங்களுக்கு இது தெரியாது. முதலில கோதோட உறிஞ்சவேணும்,” என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. போரில் தண்டவாளத்தோடு காணாமல் போன எங்கள் ஊர்ச் சின்ன ஸ்டேஷனில், ஈரச்சாக்கு மூடிய கடகத்தை இடுப்பில் வைத்து, “அவிச்ச கச்சாஆஆன்” என்று இழுத்துக் கூவியபடி யன்னல் யன்னலாகப் போகும் மனுசியையும், கொப்பித்தாள் சுருளிலிருந்து கசிந்து பக்கத்துச் சீட்டுப் பிள்ளையின் சட்டையை நனைக்கும் உப்புத் தண்ணீரையும், “அவளைக் கூப்பிடடி, வாயில என்ன கொழுக்கட்டையோ?” என்று அம்மா இடிக்க இடிக்க, சின்னப்பிள்ளையான எனக்குக் கூச்சத்தில் குரலே வராமல் ஒவ்வொரு முறையும் ரயில் வெளிக்கிட்டுவிடுவதையும் இவளுக்கு எப்படிச் சொல்வது?

“அம்மா, பாவம், இதுக்குத் தமிழில பேரே இருக்காது என்ன?” என்றாள்.

“அவிச்ச கச்சாஆஆன்.”

குசினி அதிர்ந்தது. மகள் வாயில் வைத்த கச்சானோடு அப்படியே நின்றாள். மேல்வீட்டுக்காரர் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் இன்னொரு முறை கூவினேன்.