சுதாகரனின் நாலாவது பெடல்

காலைப் பற்றி இரக்கமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் சுதாகரனுக்குக் குமட்டும். கால் போன கதையை அவன் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவான். போர் முடிந்து மீள்குடியேறிய அடுத்த வருடம் ஸ்கந்தபுரத்தில் தகப்பன் வீரபாகுவின் காணியைத் துப்புரவாக்கியபோது மிதிவெடி வெடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டே "ஐயோ பாவம்" என்ற சனத்தைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

பொய்க்கால் கிடைத்த பிறகு பரந்தனில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். கராஜுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தங்கராசாவின் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். அவர்களுடைய ட்ரம்ஸ்காரன் வெளிநாடு போனதும் அந்தக் கதிரை காலியானது. சின்ன வயதிலிருந்தே வாளி, தகரம் என்று கண்டதிலெல்லாம் தாளம் போட்டவன் சுதாகரன். போய் உட்கார்ந்தான். கைகள் இரண்டும் பிசகவில்லை. கால்தான் கைவிட்டது.

நிலத்தில் நிற்கும் பெரிய பேஸ் ட்ரம்மைக் காலால்தான் அடிக்க வேண்டும். பெடலை மிதித்தால் அதன் முனையிலுள்ள கட்டை முன்னால் வந்து தோலில் மோதும். அந்த மிதி கணுக்காலில் இருக்கிறது. பொய்க்காலின் கணு மடங்காது. ரப்பர் பாதம் பெடலில் வழுக்கியது, அடி பாட்டுக்குப் பின்னால் வந்து விழுந்தது.

"உனக்குச் சரிவராது தம்பி. தபேலாவைப் பழகன்" என்றார் தங்கராசா.

"பெடல்தான் அண்ணை சரியில்லை" என்றான் சுதாகரன்.

முதல் பெடலைக் கதவுப் பிணைச்சலும் பலகைத்துண்டும் வைத்துச் செய்தான். பாதம் வழுக்காமல் இருக்கச் சைக்கிள் ரியூப் வாரால் இறுக்கிக் கட்டினான். இரண்டாவது பாட்டில் காலை இழுத்தெடுக்க முடியாமல் கதிரையோடு சரிந்து விழுந்தான். இரண்டாவது பெடலில் வாரை எடுத்துவிட்டு, விரல்நுனி முட்டி நிற்க இரும்புத் தடுப்பு ஒன்றை வெல்டிங் வைத்தான். கட்டையைச் சைக்கிள் சங்கிலியால் இழுக்கவிட்டான். சத்தம் நன்றாக வந்தது. ஆனால் சுருள்கம்பி கடினம். ஒவ்வொரு மிதிக்கும் வெட்டுப்பட்ட கால் பொய்க்காலுக்குள் உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்தது. துணியை அவிழ்த்தபோது எழுந்த நாற்றத்தில் அவனுக்கே குமட்டிச் சத்தி வந்தது.

மனைவி பிரேமிளா சுடுதண்ணீரில் கழுவிவிட்டாள். "என்ன அரியண்டமப்பா இது? ஒரு மேளத்துக்காகக் காலை இன்னும் மேல வெட்டப் போறியளோ?"

"கம்பியை மாத்தினால் சரி."

"முதலில புண் ஆறட்டும். பிறகு கம்பியை மாத்துங்கோ."

புண் ஆறியதும் மூன்றாவதைத் தொடங்கினான். பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் சுருளைப் போட்டான், அது மிதிக்க இலகுவானது. கதிரையை உயர்த்தி, கணுக்காலை மறந்து, தொடையாலேயே மிதித்தான். பெடல் தட்டு கொஞ்சத் தூரம் இறங்கினாலே கட்டை தோலைத் தொடும்படி செய்தான். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் கட்டை பட்டதை முழங்காலில் வரும் அதிர்வை வைத்து அறியப் பழகினான். மாதங்கள் போயின. ஒருநாள் ஒத்திகையில் பாடகி கஜேந்தினி பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் அடிச்சது? சுதாகரனோ? இந்த அடியைப் பிடிச்சு நிண்டு பாடலாம் போல கிடக்கு."

காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது. ட்ரம்ஸ் கதிரையைத் தங்கராசா அவனுக்கே விட்டார்.

அந்த வருடம் கிளிநொச்சியில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்கு வெளிநாட்டிலிருந்து கோகுலன் என்பவர் வந்தார். உதவி செய்வதும் அதைப் படம்பிடித்து இணையத்தில் போடுவதும் அவருடைய வேலை. மேடையில் ஒரு புதுப் பெடலைத் தூக்கிக் காட்டிச் சுதாகரனிடம் கொடுத்தார். அவனுடைய துருப்பிடித்த இரும்புப் பெடலைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, இந்தக் கறள் பிடிச்சதைக் கழட்டும். வீடியோவில வடிவில்லை."

"இதிலதான் எனக்கு அடிக்க ஏலும்."

"சரி, அடியும். காற்சட்டையை மட்டும் முழங்காலுக்கு மேல மடிச்சுவிடும். கால் தெரியோணும்."

சுதாகரன் தங்கராசாவைப் பார்த்தான். தங்கராசா தலையைக் குனிந்து ஒலிவாங்கியின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுதாகரன் மடிக்கவில்லை. பாட்டு நடுவில் கோகுலனின் ஆள் மேடையில் குப்புறப்படுத்து, மடங்காத அந்தக் காலையே படம்பிடித்தான்.

இரண்டு நாள் கழித்துப் பிரேமிளா போனை நீட்டினாள். திரை முழுக்கக் கால், பொய்க்காலின் ரப்பர் பாதம், பெடலின் கறள். கீழே கண்ணீர்ப் பொம்மைகள். சுதாகரன் சத்தத்தைக் கூட்டினான். ஒரு வயலின் அழுதது. அவனுடைய அடி ஒன்றும் இல்லை. ட்ரம்ஸை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு வயலினைப் போட்டிருந்தார்கள்.

நேரே தங்கராசாவின் வீட்டுக்குப் போனான்.

"அண்ணை, என்ர அடி எங்க?"

"விடு தம்பி. எவ்வளவு சனம் பாத்திருக்குது தெரியுமே? உன்ர காலைப் பாத்து அழுகுதுகள்."

"நான் அழவைக்கவோ அடிச்சனான்?"

"அவர் இன்னும் இரண்டு கச்சேரி எடுத்துத் தாறாராம். ஒருக்கா மடிச்சுவிட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

சுதாகரன் வேலியோரம் போய்த் துப்பினான். "அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததுகள் மூக்கையெண்டாலும் பொத்திச்சுதுகள். நீங்கள் புண்ணையே நக்கிறியள்" என்று சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்கு அவன் போகவில்லை.

வீட்டிலிருந்த புதுப் பெடலைக் குளத்தில் எறியத்தான் மனம் வந்தது. கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தான். அச்சு நல்ல அச்சு, உராய்வே இல்லை. கராஜுக்குக் கொண்டுபோய் இரண்டாக வெட்டி, அச்சையும் சங்கிலியையும் எடுத்துத் தன்னுடையதில் பூட்டினான். அதுதான் நாலாவது. மிச்சம் பழைய இரும்போடு போனது. கோகுலன் போனில் கேட்டார்:

"தம்பி, அந்தப் பெடலோட ஒரு படம் அனுப்பேலுமே?"

"வெட்டிப்போட்டன்."

"என்ன?"

"தேவையானதை எடுத்திட்டன். மற்றதைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான்."

அவர் நன்றிகெட்டவன் என்று எழுதிப் போட்டார். அதையும் நிறையப் பேர் பார்த்தார்கள்.

இப்போது சுதாகரன் வவுனியாக் குழு ஒன்றில் வாசிக்கிறான். அறிவிப்பாளர் காலைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பதுதான் அவன் போட்ட நிபந்தனை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் போனோடு மேடைக்குக் கீழே குந்தினார். சுதாகரன் பாட்டு நடுவில் அடியை நிறுத்திக் குச்சிகளைத் தூக்கினான். எல்லாரும் வாசிப்பை நிறுத்தினார்கள்.

"ஐயா, படம் எடுக்கிறதெண்டால் மேல எடுங்கோ. கீழ ஒண்டும் இல்லை."

மாமன் சிரித்துச் சமாளித்துக்கொண்டு எழுந்து போனார். சுதாகரன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. பாடகரைப் பார்த்துத் தலையசைத்தான். நிறுத்திய அடியிலிருந்தே பாட்டு திரும்பத் தொடங்கியது.