துணி சுற்றி உடைத்த வளையல்

மாமனார் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின மத்தியானம். மாரிகுப்பம் வீட்டில் மாமியாரும் நானும் மட்டும் இருந்தோம். மறுநாள் அவர் வளையலை உடைத்துப் பொட்டை அழிக்க வேண்டும் என்று உறவுப் பெண்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா இறந்தபோது அம்மாவின் வளையலை யாரும் தொடவில்லை. அதனால் எனக்கு இதில் யோசிக்க எதுவுமே இல்லை. எந்த வீட்டில் செய்தாலும் தப்பு தப்புதான்.

“வேணாம் அத்தே. யார் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்.”

மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “உனக்கு ஈஸி. உங்க வீட்ல பழக்கமில்ல. என் நாத்தனாருக்கு நான்தாம்மா உடைச்சேன், இந்தக் கையால. இப்ப எனக்கு மட்டும் வேணாம்னா, அவளுக்கு நான் செஞ்சது இன்னா?”

நானும் கூட உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

அந்த நாத்தனார், மாமனாரின் தங்கை, பூதிகோட்டையில் இருப்பவர். இருபத்தாறு வயதில் கணவரை இழந்தவர். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பெண்கள் சுற்றி உட்கார, மாமியார் தானாகவே கையை நீட்டினார். நாத்தனார் அந்தக் கைகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“வேணாம் அண்ணி.”

“ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றார் ஒரு பெண்.

“இருக்கு. அண்ணி கேக்கல, நான்தான் வேணாங்கறேன். எதுன்னாலும் என்னைக் கேளுங்க.”

மாமியார் தலை நிமிரவில்லை. “உனக்கு நான்தானே உடைச்சேன்.”

“ஆமா. கண்ணாடி குத்தக்கூடாதுன்னு துணி சுத்தி உடைச்சே. வேற யாரும் அப்படி செஞ்சிருக்கமாட்டாங்க.”

“அப்போ அது தப்பில்லையா?”

நாத்தனார் மடியில் இருந்த கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “தப்புதான் அண்ணி. ரெண்டு பேருக்கும் அப்ப தெரியல. ஆனா எனக்கு வலிச்சுது.”

மாமியார் அழுதார். பதினாறு நாளில் அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுவதைப் பார்த்தேன். வழக்கத்தை ஊர்தான் உண்டாக்கியது, சரி. அந்த வலியை எந்த ஊரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

வளையல் கையிலேயே இருந்தது. பொட்டை மட்டும் மாமியார் தானே எடுத்துவிட்டார். வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்த மாதம் மாமியார் என்னை ராபர்ட்சன்பேட்டைக்கு அனுப்பி, நாத்தனாருக்கு ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வரச் சொன்னார். நாத்தனார் வந்தபோது மாமியார் தானே அவர் கையில் சோப்புத் தடவிப் போட்டுவிட்டார். அன்று முழுக்க நாத்தனார் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினார். சாயங்காலம் பஸ் ஏற்ற நான் கூடப் போனேன். ஏறுவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“எங்க தெருவுல பேசுவாங்கம்மா. அண்ணிகிட்ட சொல்லாதே.”

நான் சொல்லவில்லை. இப்போதும் வரும்போதெல்லாம் எங்கள் தெருமுனையில் நின்று அந்த வளையல்களைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார்.