பாயம்மா நாள்

நாங்கள் குடிவந்த அன்று என் அம்மா வண்டியை விட்டு இறங்க மறுத்து அழுதது நன்றாக நினைவிருக்கிறது. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நகர் அப்போது வெறும் முள்ளுக்காடு. இருந்தது ஒரே ஒரு வீடு. அதன் வாசலிலிருந்து ஒரு பெண் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார். "நான் ஒருத்தியே இருக்கேன், நீ எதுக்கு அழுவுற? எறங்கு" என்றார். அம்மா இறங்கிவிட்டாள்.

அவர்தான் பாயம்மா. கணவர் லாரி டிரைவர். ஊரே அவரைப் பாய் என்று அழைத்ததால் இவர் பாயம்மா ஆனார். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர்ந்தது. பெரும்பாலும் கோயிலைச் சுற்றிப் பொரியும் பூவும் அகல் விளக்கும் விற்பவர்கள். கார்த்திகை தீபக் கூட்டத்தில் இரவு பகல் பாராமல் வியாபாரம் செய்துவிட்டு, மறுநாள் அடித்துப் போட்டதுபோல் கிடப்போம். அந்த ஒரு நாள் எந்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாம் என்று பாயம்மா பெரிய அண்டாவை ஏற்றி எல்லோருக்கும் பிரிஞ்சி சாதம் செய்வார். கறி சாப்பிடாதவர்களும் உட்கார வேண்டும் என்பதால் அது எப்போதும் காய்கறிப் பிரிஞ்சிதான். போகப்போக அன்று நகரில் எல்லாக் கடைகளுக்கும் விடுமுறை என்றாகிவிட்டது. 'அடைப்பு நாள்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாய் இறந்த வருடம், நகர் சங்கக் கூட்டத்தில் என் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். இங்கே முதலில் குடியேறியவர் பாய், அதனால் அந்த நாளுக்குப் 'பாய் நாள்' என்று பெயர் வைக்கலாம் என்றார். பூக்கடைக்காரர் எழுந்தார்.

"பாய் மேல மரியாத இல்லாம சொல்லலீங்க. தீபத்துக்கு மறுநாளுக்கு அவரு பேருன்னா வெளிய நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

பின்வரிசையில் இருந்த பாயம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவரே எழுந்துவிட்டார். "அவரு பேரு வேணாம். லாரி எடுத்துனு போனா வாரக்கணக்குல வர மாட்டாரு. இந்தக் காட்டுல மொத மொத பயந்துகினு தனியா கெடந்தது நானு. வைக்கறதுன்னா என் பேர வைங்க."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் அடங்கினார்கள்.

பூக்கடைக்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப தெனம் வந்து தலை வாரிவிட்டது இவங்கதான்" என்றார். "எவன் என்னா பேசினா எனக்கென்ன? இவங்க பேரையே வைங்க."

உங்கள் சொந்தப் பெயர் என்ன என்று அப்போதுதான் கேட்டோம். சொன்னார். ஆனால், "நீங்க கூப்புடறதே இருக்கட்டும். அதுக்குத்தான் எனக்குத் திரும்பிப் பாக்க வரும்" என்றார்.

முதல் பாயம்மா நாளன்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து அண்டாவை ஏற்றினோம். வெயில் ஏறியும் அவர் வெளியே வரவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தார். தொட்டதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னிக்கு லீவுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கறேன்."

அத்தனை வருடங்களில் அந்த நாளில் ஓய்வெடுக்காத ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இப்போது பாயம்மா இல்லை. ஆனால் அந்த நாள் காலையில் எங்கள் நகரில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை.